பிளெய்ன்ஸ்பரோவில் கிளம்பாத கார்

புதன்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம். என் மகள் நித்யா சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டு, கையிலிருந்த சின்ன ரிமோட்டைக் கீழே நிற்கும் காரைப் பார்த்து அழுத்தினாள். கார் விளக்குகளைச் சிமிட்டியது. கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிமிட்டியது. அவ்வளவுதான்.

"என்னாச்சு இதுக்கு? நேத்துகூட நல்லா இருந்துச்சே" என்றாள்.

"குளிர் ஒத்துக்கலையாட்ட இருக்குது" என்றேன். குளிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கரூரில் மார்கழியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடப்பவர்களைக் கேலி செய்கிற ஆள் நான். ஆனால் அன்றைக்குத்தான் நியூ ஜெர்சியில் கடுங்குளிர் தொடங்கியிருந்தது. பால்கனியில் வைத்த தயிர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்தால்கூட ஒரு சொட்டு விழவில்லை. ஆகவே பழியைத் தூக்கிக் குளிரின் மேல் போடுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

ஒரு பழைய கார் கிளம்பாததற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். அந்த வாரம்தான் என் பேத்தி முதன்முறையாக வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. அவளை அழைத்துவர இருந்தது அந்தக் கார்.

பாப்பா பத்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். நான் பிரசவத்துக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றி ஓடிவருவதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறியிருந்தாள். என்னவருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தனியாக வந்தேன்.

நூவர்க் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறந்து பிரசவ லேகிய டப்பாவை வெளியே எடுத்தார். "இது ஷூ பாலிஷா?" என்று கேட்டார். சாப்பிட என்று சைகை காட்டினேன். அவர் நம்பாமல் பக்கத்தில் இருந்த பெண் அதிகாரியைக் கூப்பிட்டார். அந்தம்மா மோந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்கா? எங்க ஊர்லயும் ஒண்ணு கொடுப்பாங்க, இதைவிட மோசமா நாறும்" என்று சொல்லி மூடிக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

பேத்தியைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஆனால் பார்க்க விடவில்லை. ஃப்ளூ காலம், பெற்றவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை என்றார்கள். கெஞ்சினால் ஒரு நிமிடம் விடுவார்கள் என்று நினைத்தேன். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் வாட்ச்மேனைத் தாண்டாத சொந்தக்காரர் உண்டா? இங்கே வரவேற்பு மேசைப் பெண் சிரித்த முகத்தோடு முடியாது என்றாள். அடுத்த நாளும் அதே சிரிப்பு, அதே பதில்.

தினமும் நித்யாவோடு காரில் போய்க் கீழ்த்தளக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் கறந்த பால் பாட்டில்களைக் குளிர்ப்பையில் எடுத்துக்கொண்டு மேலே போவாள். நான் இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே என்னைப் போல உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர், போர்ட்டோ ரிக்கோக்காரர். அவருடைய மகளின் இரட்டைப் பையன்கள் மேலே இருந்தார்கள். அந்தக் கூடத்தில் யாரும் யாருக்கும் குட் மார்னிங் சொல்வதில்லை. "இன்னிக்கு எத்தனை பவுண்டு?" என்பதுதான் வணக்கம். நான் விரலைக் காட்டுவேன். அவர் கட்டை விரலை உயர்த்துவார். அவருடைய பேரன்களில் ஒருவன் எடை குறைந்துவிட்ட நாளில் நான் இட்லியை நீட்டினேன். வாங்கித் தின்றுவிட்டு, "உப்பில்லாத மேகம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மேகம் என்ற வார்த்தைக்காக மன்னித்தேன்.

பேத்தி என்று என் கைக்கு வந்தது ஒரு துண்டுத் துணி மட்டும்தான். தாயின் வாசனை குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்று நர்சுகள் மெல்லிய துணி ஒன்று கேட்டிருந்தார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். நித்யா அதை ஒரு ராத்திரி மார்போடு வைத்துத் தூங்கி, மறுநாள் குழந்தையின் பக்கத்தில் போடுவாள். அங்கே கிடந்த துணியைத் திருப்பி எடுத்துவருவாள். காரில் ஏறியதும் நான் கை நீட்டுவேன். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். பால் புளித்த வாசனையும் மருந்து வாசனையும் அதற்கடியில் இன்னொன்றும் இருக்கும். வீடு வந்து சேரும்வரை முகத்திலிருந்து அதை எடுக்க மாட்டேன்.

பாப்பா வீட்டுக்கு வர ஒரு நிபந்தனை இருந்தது. குறை மாதக் குழந்தைகள் தூக்கத்தில் மூச்சு விட மறந்துபோவார்களாம். மூச்சை மறக்காமல் ஐந்து நாள் தொடர்ந்து இருந்தால் அனுப்புவோம் என்றார்கள். நாலாம் நாள் மறந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஏற்கெனவே இருமுறை அப்படி ஆகியிருந்தது. இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: குண்டு ஜாக்கெட் போட்டுக் குழந்தையை அதற்கென்றே உள்ள கூடை மாதிரியான கார் சீட்டில் கட்டக் கூடாது, பெல்ட் தளர்ந்துவிடும், அதனால் கிளம்பும் முன்பே வண்டிக்குள் நல்ல சூடு இருக்க வேண்டும்.

அதற்குத்தான் அந்த ரிமோட். மாப்பிள்ளை பிரபு ஊர் திரும்பிய நண்பர் ஒருவரிடம் வாங்கிய பழைய கார் அது. ரிமோட்டும் அந்த நண்பரே தனியாக வாங்கிப் பொருத்தியது. மூன்றாவது மாடியில் நின்று அழுத்தினால் கீழே கார் தானாக உறுமி, ஹீட்டர் ஓடி, கண்ணாடியில் படிந்த பனியை உருக்கிவிட்டு நமக்காகக் காத்திருக்கும். வந்த புதிதில் அதைப் பார்க்க மட்டும் ஜன்னலுக்கு ஓடுவேன். என் மாருதியைக் காலையில் கிளப்ப நான் படும் பாட்டைக் கரூரில் எங்கள் தெருவே அறியும்.

காலை நேரம்தான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஒருநாள் ஆறு மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைத்தேன். கீழ்வீட்டு ஆள் படியேறி வந்து கதவைத் தட்டி, மிகவும் பணிவாக, "காலையில் உங்கள் வீட்டில் ஏதோ மரம் அறுக்கிறீர்கள் போலிருக்கிறது" என்றார். பிரபு நாலு முறை மன்னிப்புக் கேட்டார். அதிலிருந்து நான் டம்ளரைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பேன். அலமாரிக் கதவை விரலால் தாங்கி மூடுவேன்.

சத்தம் போடாமல் செய்ய ஒரு வேலை வேண்டுமே. செவ்வாய்க்கிழமை ராத்திரி, கடுங்குளிர் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். புதன் விடிவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பானெட்டைத் திறந்து தண்ணீர் அளவு பார்த்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தினமும் செய்தது. ரேடியேட்டர் ஒழுகும் வண்டியை வைத்திருந்தவர்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி. செய்யாவிட்டால் நாள் தொடங்காது. இந்தக் காரில் திறந்ததும் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. தண்ணீர் பார்க்கவென்றே வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பார்த்துவிட்டு, யாருடைய தூக்கமும் கெடாமல், மாப்பிள்ளையின் வண்டியில் விரல் தடம்கூடப் படாமல், உள்ளங்கையால் மெல்ல அழுத்தி மூடிவிட்டு வந்தேன். ஏதோ உதவினோம் என்ற திருப்தி. வியாழனும் வெள்ளியும் அப்படியே.

புதனன்று சாவி போட்டுக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார் சூடாகும்வரை நித்யா தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். வியாழனன்றும் ரிமோட் வேலை செய்யவில்லை. சாயங்காலம் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிறங்கி வந்த பிரபு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ரிமோட்டைப் பிரித்தார்.

"பேட்டரி வீக் ஆயிருக்கும் அத்தை. குளிர்ல காயின் பேட்டரி சீக்கிரம் போயிடும்" என்றார். புது பேட்டரி போட்டார். கார் கண் சிமிட்டியது. இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்று அழுத்தினார். சிமிட்டியது. பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்து மூடி, ஃபோனில் யாரோ ஒரு கனடாக்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தார். உள்ளே வரும்போது மூக்கு சிவந்திருந்தது.

"ஷாப்ல கேட்டேன். இந்தக் குளிர்ல எல்லாரும் வண்டியத் தூக்கிட்டு வந்துட்டாங்களாம். அடுத்த வாரம்தான் ஸ்லாட்."

"அடுத்த வாரம் எதுக்கு? பாப்பா அதுக்குள்ள வந்துடுவா" என்றாள் நித்யா.

"வந்துடுவா. நான் இல்லேன்னா சொன்னேன்?"

"சொல்ற டோன் அப்படி இருக்கு."

இருவரும் சண்டை போட்டது காரைப் பற்றி அல்ல. அன்றைக்கு நாலாம் நாள். அந்த ராத்திரியை நினைத்து இருவருக்கும் பயம்.

எதிர்வீட்டில் ரஹ்மத் என்று ஒரு பெண். நாகப்பட்டினத்துக்காரி. மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆய்வுக்கூட வேலை, இரவு ஷிஃப்ட். என்னை முதல்நாளே "ஆன்ட்டி" ஆக்கிக்கொண்டவள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரிமோட்டுக்கும் குளிரும் ஆன்ட்டி. நைட்டு உங்க போர்வைக்குள்ள வெச்சுத் தூங்குங்க, சூடா இருந்தா கேக்கும்" என்றாள்.

"முட்டை அடைகாக்கச் சொல்றியா?"

"பொரிச்சா எனக்கும் ஒண்ணு குடுங்க."

அன்றிரவு அடைகாத்தேன். வெள்ளிக்கிழமை காலை ரிமோட் வெதுவெதுப்பாக இருந்தது. கார் வழக்கம்போல் கண்ணடித்தது.

வெள்ளி மத்தியானம் ரஹ்மத் என்னை ஐசலினுக்குக் கூட்டிப்போனாள். பாப்பா வரும்போது வீட்டில் வசம்பும் சுக்கும் பனங்கற்கண்டும் இருக்க வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். ஓக் ட்ரீ ரோட்டில் இறங்கியதும் ஊரே திரும்ப வந்ததுபோல் இருந்தது. சேலைக் கடை பொம்மைகள், நகைக் கடை மினுமினுப்பு, பார்க்கிங்குக்கு ஹார்ன் அடித்துச் சண்டை. அமெரிக்கா வந்து நான் கேட்ட முதல் ஹார்ன் சத்தம் அது. காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. மளிகைக் கடைக்காரர் குஜராத்தி. பூண்டும் சுக்கும் நான் அள்ளுவதைப் பார்த்து, தமிழிலேயே, "பையன்? பொண்ணு?" என்றார்.

"பொண்ணு."

"வீட்ல இருக்கா?"

நான் பூண்டைப் பொறுக்கத் தொடங்கினேன். ரஹ்மத்தான், "நாளைக்கு, இன்ஷா அல்லா" என்றாள். கடைக்காரர் ஒரு பிடி கற்கண்டை அள்ளிப் பையில் கூடுதலாகப் போட்டார்.

அங்கே ஒரு ஹோட்டலில் வாழையிலைச் சாப்பாடு. வத்தக்குழம்பு நன்றாகவே இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு தாத்தா, ஹைசேரில் உட்கார்ந்திருந்த பேத்திக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். "வாயைத் தொற ராஜாத்தி." அது "நோ, தாத்தா, நோ" என்று தலையை ஆட்டியது. அவர் விரலிலிருந்த பருக்கை அதன் கன்னத்தில் ஒட்டியது. நான் இலையை மூடினேன். நோ என்று சொல்லவாவது ஒரு குழந்தை எதிரில் இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் நித்யா ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தாள். கார் சீட்டில் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் மூச்சைச் சோதித்தார்களாம், பாஸாம். "ஃபர்ஸ்ட் எக்ஸாம்மா அவளுக்கு" என்று சிரித்தாள், உடனே அழுதாள். ராத்திரி தாண்டினால் ஐந்து நாளும் முடிகிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்குள் காரும் சீட்டுமாக வந்துவிட வேண்டும். கையெழுத்துப் போடும் டாக்டர் அதன்பிறகு இருக்க மாட்டார். மத்தியானத்துக்குமேல் பெரிய பனிப்புயல் வருகிறது. தவறினால் சாலை திறந்த பிறகுதான். அதற்குள் ஒருமுறை மூச்சு மறந்தால், மறுபடி ஒன்றிலிருந்து.

சனிக்கிழமை விடியும்போது மழை பெய்தது. தரையில் விழுந்ததும் கண்ணாடியாகும் மழை. அதனால் நான் தண்ணீர் பார்க்கப் போகவில்லை. ஆஸ்பத்திரியைக் கேட்டோம். பாப்பா இரவு முழுக்க ஒழுங்காக மூச்சு விட்டிருந்தாள். நித்யா சின்னத் தொப்பியைத் துவைத்துக் காயவைத்து மறுபடியும் துவைத்தாள்.

எட்டரைக்கு பிரபு சாவியோடு இறங்கினார். சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று மட்டும் ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. வண்டியின் பேட்டரியே போய்விட்டது. முன்கண்ணாடி முழுக்க விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. டாக்ஸி ஆப் சுற்றிச் சுற்றித் தேடி, வண்டி எதுவும் இல்லை என்றது. கார் பழுதுக்கான உதவி எண்ணில் பேசியவர், சாலையெல்லாம் வழுக்குவதால் இரண்டு மணிக்குமேல்தான் ஆள் வரும் என்றார்.

"பதினொண்ணுக்குள்ள போகணும்னு சொல்லு பிரபு! குழந்தைன்னு சொல்லு!" என்றாள் நித்யா.

"சொன்னேன். எமர்ஜென்சியான்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது? குழந்தை நல்லா இருக்கு, அதான் பிரச்சனைன்னு சொல்றதா?"

நான் ஒரு பாத்திரம் நிறையக் கொதிக்கும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கண்ணாடிப் பனியையாவது கரைத்து வைக்கலாம் என்று. ஊற்றப் போகும்போது நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கையை ஆட்டிக்கொண்டே வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். நித்யா மேலே ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "அம்மா, ஊத்தாத! கண்ணாடி வெடிச்சிடுமாம்!" பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன்" என்று சொன்னதாக பிரபு மொழிபெயர்த்தார். நாய் பாத்திரத்தை மோந்து பார்த்தது.

அந்த நேரம் பார்த்துக் கரூரிலிருந்து என்னவர் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். கறுப்புக் கண்ணாடியோடு முகம் முழுக்கச் சிரிப்பு. "என்ன மல்லிகா, கெளம்பியாச்சா? பாப்பாவக் காட்டோணும், மறந்துராத."

"ஏனுங்க, வண்டியே கெளம்பலீங்க" என்று அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். புதன்கிழமையிலிருந்து ரிமோட், இப்போது பேட்டரி.

அவர் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "புதன்கெழமையா? அங்க போயும் பானெட்டத் தொறந்து தண்ணி பாத்தியா?" என்றார்.

"பாத்தா என்னங்க? ஒரு சொட்டு ஊத்தல. சும்மா பாத்தேன்."

"பாத்துட்டு எப்படி மூடுன? நம்ம மாருதிய மூடுற மாதிரி, கொழந்தையத் தட்டித் தூங்க வெக்கற மாதிரியா? அது அமெரிக்கா வண்டி அம்மிணி, ஓங்கி அடிச்சாத்தான் மூடும்!" அவர் கேலிதான் செய்தார். காருக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவரும் நினைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வண்டி மூடுவதைப் பார்த்தவர், அவ்வளவுதான்.

ஆனால் பிரபு ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்னால் போய் பானெட்டின் விளிம்புப் பனியைக் கையுறையால் தட்டி, விரலை நுழைத்துத் தூக்கினார். அது முழுதாக மூடியிருக்கவில்லை. முதல் கொக்கியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தச் சின்ன விளக்கு உயிர் போகும் நிலையில் மஞ்சளாக மினுங்கியது. மூன்று இரவும் அது எரிந்திருக்கிறது.

"பானெட் ஓப்பனா இருந்தா ரிமோட்ல ஸ்டார்ட் ஆகாது அத்தை" என்றார் மெதுவாக. "உள்ள மெக்கானிக் கை வெச்சிருந்தா மாட்டிக்கக் கூடாதுன்னு சேஃப்டி. எனக்குத் தோணவே இல்ல. நான் தொறக்கவே இல்லையே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் திரும்பி மேலே ஜன்னலைப் பார்த்தார். நித்யா அங்கே நின்றுகொண்டிருந்தாள். "மூணு நாளா ரூட் ஒன்ல இவ அறுபது மைல் ஸ்பீடுல போயிருக்கா" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வேகத்தில் அந்த ஒற்றைக் கொக்கி கழன்றிருந்தால் பானெட் எழும்பி முன்கண்ணாடியை மறைத்திருக்கும். லாரிகளுக்கு நடுவில். ஸ்டியரிங்கில் என் மகள், பக்கத்தில் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு நான். அந்தச் சாலையில் லாரி ஹார்ன் கேட்டால் இன்றைக்கும் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"மாப்பிள்ளை..." என்றேன்.

"அத்தை, அப்புறம். இப்ப கேபிள் வேணும்."

ரஹ்மத் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங்கில் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தாள். பிரபு குறுக்கே போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அவள் கண்ணாடியை இறக்கி, "தூங்காம வந்திருக்கேன், மோதிட்டா கேஸ் உங்க மேலதான்" என்றாள். விஷயம் தெரிந்ததும் டிக்கியிலிருந்து சிவப்பும் கறுப்புமாகக் கேபிளை இழுத்துப் போட்டாள். அவள் வண்டியிலிருந்து எங்கள் வண்டிக்கு மின்சாரம் ஏறியது. பத்து நிமிடம் எல்லோரும் வாயில் புகையோடு நின்றோம். சாவியைத் திருப்பியதும் கார் இருமி, முனகி, கிளம்பியது. நித்யா மேலே கை தட்டினாள்.

பிரபு பானெட்டை ஒரு முழம் உயரத்திலிருந்து விட்டார். டமாலென்று மூடியது. கீழ்வீட்டு ஜன்னல் திரை விலகியது. நான் அந்த ஆளைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கண்ணாடி உருகி முடிந்தபோது மணி பத்து தாண்டிவிட்டது. நித்யா பின்சீட்டில், காலி கார் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் போகவில்லை. போனாலும் கூடத்தில்தான் உட்கார வேண்டும். உண்மையில், அந்தக் காரில் ஏற எனக்கு முகமில்லை. நித்யா என்னோடு எதுவும் பேசவில்லை. கோபமா அவசரமா என்று தெரியவில்லை. கார் பனியில் மெல்லத் திரும்பி மறைந்தது.

மேலே வந்தேன். ரஹ்மத், "வந்ததும் எழுப்புங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். சுக்கைத் தட்டினேன். பத்தியக் குழம்பு வைத்தேன். பதினொரு மணி ஆனது. ஃபோன் வரவில்லை. என்னவர் வீடியோவை அணைக்கவே இல்லை. ஃபோனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தேன். அங்கே கரூரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் மல்லிகா" என்றார்.

"நீங்க சொன்னதாலதான் தெரிஞ்சுது."

"ஒண்ணும் ஆவலயல்ல?"

"ஆவல."

"அப்பறம் என்ன."

அதற்குமேல் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஒரே குழந்தை. அவள் பிறந்தபோது இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார், நான் உள்ளே கிடந்தேன். கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நான் இவரிடம் கேட்கவே இல்லை.

பன்னிரண்டுக்கு நித்யாவிடமிருந்து ஒரு வரி: கையெழுத்து ஆகிவிட்டது. ஒரு மணிக்குப் பனி விழத் தொடங்கியது. முதலில் சாம்பல் மாதிரி, பிறகு பஞ்சு மாதிரி. பார்க்கிங் கோடுகள் மறைந்தன. எதிர்க் கட்டடம் மறைந்தது. சமையலறை ஜன்னலை என் மூச்சு மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டே நின்றேன். வெள்ளையில் ஒவ்வொரு விளக்கும் எங்கள் கார் விளக்காகவே தெரிந்தது. கிட்டே வந்ததும் வேறாகிப் போனது. குளித்து வேறு சேலை கட்டினேன். மறுபடி வந்து நின்றேன். கரூரில் அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்பவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டேன். பிரபு கார் சீட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறிவந்தார். தலையெல்லாம் பனி. சீட்டின் மேல் போர்வை மூடியிருந்தது. பின்னால் நித்யா. உள்ளே வந்து, ஷூவைக் கழற்றி, போர்வையை விலக்கி, பெல்ட்டை அவிழ்த்து அவளைத் தூக்கினாள். தொப்பிக்கு வெளியே தெரிந்தது ஒரு மூக்கும் சுருங்கிய வாயும்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். கை நீட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை.

நித்யா என் பக்கம் திரும்பினாள். "கைய சோப்புப் போட்டுக் கழுவுனியாம்மா?" என்றாள். தலையாட்டினேன்.

"அப்ப இந்தா, வாங்கிக்க. தலையப் புடிச்சுக்கோ."